வீட்டு முற்றத்தில் கார் வேலை: செய்துகொள்ளும் கருவிகளும் வாங்கியே தீர வேண்டியவையும்

குமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கத்தில் வீடு, 2008-ஆம் ஆண்டு மாருதி 800, கடற்காற்றில் துருவேறிப்போன நட்டுகள், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கிடைக்கும் நேரம். இந்த நிலையில் எந்தக் கருவிகளை வீட்டிலேயே செய்துகொள்ளலாம், எவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், வீடு கட்டியபோது மீந்த ஹாலோபிளாக் கற்களின்மேல் வண்டியை நிறுத்திவிட்டு அடியில் படுத்து வேலை செய்யலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். கூடாது தம்பி. ஒரு நிமிடத்துக்குக்கூடக் கூடாது.

ஹாலோபிளாக் கல் சுவராக நிற்கும்போது எடை அதன் பரப்பு முழுவதிலும் பரவுவதால் தாங்குகிறது. வண்டியின் அடிச்சட்டம் தகட்டு விளிம்பாக ஒரே கோட்டில் அதன்மேல் உட்காரும்போது, அந்தக் கல்லின் மெல்லிய சுவர்கள் வளைந்து எச்சரிக்காமல் ஒரே நொடியில் பிளந்துவிடும். கல்லைப் படுக்கவைத்தால் நிலைமை இன்னும் மோசம். நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதி வீடுகளில் கிடக்கும் வெட்டுகல்லும் அப்படித்தான். மழையில் ஊறிய வெட்டுகல் விளிம்பிலிருந்து பொடிந்து வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மாருதி 800 சிறிய வண்டிதான் என்றாலும் 650 கிலோ அளவுக்கு எடை உள்ளது, அதில் கால் பங்கு நெஞ்சில் இறங்கினாலே மூச்சு நின்றுவிடும். நான் பட்டறையில் வேலை பழகிய காலத்தில், வண்டியின் அடியிலிருந்து ஒருவர் தேநீர் குடிக்க எழுந்து வந்த ஐந்து நிமிடத்துக்குள் கல் உடைந்து வண்டி தரையில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து எந்தக் கருவியைச் செய்வதற்கு முன்பும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது என் வழக்கம்: இது வேலையின் நடுவில் முறிந்தால் என்ன போகும்? ஒரு நட்டு போகும் என்றால் செய்துகொள்ளலாம். கை, கண், உயிர் போகும் என்றால் வாங்க வேண்டும், அல்லது அந்த வேலையைப் பட்டறைக்குக் கொடுத்துவிட வேண்டும். கீழே சொல்லும் எல்லாவற்றையும் இந்தக் கேள்வியை வைத்தே பிரித்திருக்கிறேன்.

ஆகவே ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்டு, அதாவது தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கி, வாங்கிவிடுங்கள். அதை வாங்கும் வரை ஜாக்கியால் தூக்கி வெளியிலிருந்து சக்கரம் கழற்றும் வேலை மட்டும் செய்யுங்கள், கழற்றிய சக்கரத்தை அடிச்சட்டத்துக்குக் கீழே படுக்கவைத்துவிடுங்கள். ஸ்டாண்டு வந்த பிறகும் இந்தப் பழக்கத்தை விட வேண்டாம். இதில் மரவேலையாக நீங்கள் செய்யக்கூடியவை மூன்று உண்டு. முதலாவது, ஜாக்கியின் அடியில் வைக்க ஒன்றரை அடிச் சதுரமான கனத்த பலகை. நம் செம்மண் முற்றத்தில் ஒரு மழை பெய்துவிட்டால் ஜாக்கியின் அடித்தட்டு சாய்வாக மண்ணுக்குள் இறங்கும், பலகை அதைத் தடுக்கும். இரண்டாவது, ஜாக்கியின் தலைக்கும் வண்டிக்கும் இடையில் வைக்க, நடுவில் ரம்பத்தால் பள்ளம் போட்ட அயினி மரத் துண்டு. அடிச்சட்டத்தின் தகட்டு விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி, எடை இருபுறமும் பரவும். கடற்கரை வண்டிகளில் அந்த விளிம்பு உள்ளுக்குள் துரு தின்று பெயின்ட் மட்டும் மிஞ்சி நிற்பது சாதாரணமாக நடப்பதால், தூக்குவதற்கு முன் திருப்புளியின் பிடியால் தட்டிப் பாருங்கள். தொம்மென்று சத்தம் கேட்கும் இடத்தில் ஜாக்கி வைக்கக் கூடாது. மூன்றாவது, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கொடுக்க முக்கோணமாக அறுத்த முட்டுக்கட்டைகள். மர ஆலையில் ஒதுக்கிப் போட்டிருக்கும் துண்டுகளே இந்த மூன்றுக்கும் போதும்.

இனி துருப்பிடித்த நட்டுக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் எல் ஸ்பேனரில் நீளமான ஜி.ஐ. குழாயைச் செருகி மிதித்து விடுகிறார்கள். நெம்புகோல் கணக்கு எளியது: ஒரு அடி நீளத்தில் 40 கிலோ விசை கொடுத்தால் கிடைக்கும் முறுக்கு, மூன்று அடி நீளத்தில் 13 கிலோவிலேயே கிடைத்துவிடும். குழாய் நல்ல கருவிதான். ஆனால் எவ்வளவு விசை போகிறது என்பது கைக்குத் தெரியாமல் போவதால், நட்டு சுழல்வதற்குப் பதிலாக அது ஏறியிருக்கும் மரைக்கம்பியான ஸ்டட் முறிந்து கையில் வந்துவிடுகிறது. அதனால் குழாயை எடுப்பதற்கு முந்தின நாளே எண்ணெய் விட வேண்டும். அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் சம அளவில் கலந்தால் கிடைக்கும் கலவை, துருவின் இடுக்குகளுக்குள் ஊர்ந்து போவதில் மிகச் சிறந்தது. 50 மில்லி, 50 மில்லி போதும். இரண்டும் ஒன்றாகக் கலந்து நிற்காமல் பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விட வேண்டும். அசிட்டோன் சில பிளாஸ்டிக்குகளையும் பெயின்ட்டையும் கரைப்பதால் கண்ணாடிக் குப்பியிலோ தகர எண்ணெய்க் குப்பியிலோ வைத்துக்கொள்ளுங்கள், அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்களின்மேல் படாமல் பாருங்கள், பக்கத்தில் நெருப்பு இருக்கவே கூடாது. மாலையில் நான்கு சொட்டு விட்டு, நட்டின் தலையில் சுத்தியலால் லேசாகப் பத்துத் தட்டுத் தட்டி, காலையில் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பிவிட்டுப் பிறகு கழற்றிப் பாருங்கள். அந்த முதல் அசைவில் துரு உடைந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. வீட்டில் கிடைக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடுபவர்கள் உண்டு. அது இடுக்குக்குள் போவதும் இல்லை, நாளடைவில் தூசியோடு சேர்ந்து பிசினாகி அடுத்த முறை கழற்றுவதைக் கடினமாக்கவும் செய்யும்.

கழற்றுவதைவிடத் திரும்ப இறுக்குவதில்தான் அதிகத் தவறு நடக்கிறது என்பது என் அனுபவம். முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பேனரான டார்க் ரெஞ்ச் விலை அதிகம் என்பதால் பலரும் கைக்கணக்கில் இறுக்கிவிடுகிறார்கள். நம் மாவட்டத்தில் ரப்பர் ஷீட் நிறுக்கவும் மீன் நிறுக்கவும் பயன்படுத்தும் தொங்கு தராசு, அதாவது கீழே கொக்கியும் மேலே வளையமும் உள்ள சுருள்வில் தராசு, ஒன்று கிடைத்தால் உங்களிடம் டார்க் ரெஞ்ச் இருப்பதாகவே வைத்துக்கொள்ளலாம். ஸ்பேனரில் நட்டின் மையத்திலிருந்து சரியாக 50 சென்டிமீட்டரில் ஒரு கோடு போட்டு, அங்கே கயிறு கட்டி, கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தான திசையில் தராசைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒரு கிலோ எடையின் விசை ஏறத்தாழ 9.8 நியூட்டன். ஆகவே கையேட்டில் 60 நியூட்டன் மீட்டர் என்று இருந்தால், 60-ஐ 9.8-ஆல் வகுத்தால் 6.1, அரை மீட்டரில் இழுப்பதால் அதை இரட்டிப்பாக்கினால் 12.2. தராசின் முள் 12 கிலோவைத் தாண்டிச் சற்றே நகரும்போது நிறுத்தினால் அளவு சரி. ஸ்பேனர் படுத்த நிலையில் இருந்தால் அதன் சொந்த எடையும் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால், ஸ்பேனரை நட்டுக்கு நேர் மேலே நிமிர்த்தி வைத்துப் பக்கவாட்டில் இழுப்பது நல்லது. எண்களைக் காட்டும் மின்னணுத் தராசு ஓர் இடத்தில் எண்ணைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும் இயல்புடையது என்பதால் இந்த வேலைக்கு முள் தராசே மேல். தராசு பொய் சொல்கிறதா என்று தெரிந்துகொள்ள, வாளியை மட்டும் முதலில் தொங்கவிட்டு எடை பார்த்துக்கொண்டு, பிறகு 10 லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றித் தொங்கவிடுங்கள். 10 கிலோ கூட வேண்டும். இன்னொன்று: கையேட்டு அளவுகள் பெரும்பாலும் காய்ந்த மரைக்கானவை. துருவுக்குப் பயந்து ஸ்டட்டின் மரையில் கிரீஸ் தடவிவிட்டு அதே அளவில் இறுக்கினால், உராய்வு குறைந்து ஸ்டட் தேவைக்கு மேல் இழுபடும். கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்யுங்கள், கிரீஸை சக்கரத்தின் நடுத்துளை உட்காரும் இடத்தில் மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள்.

ஸ்பார்க் பிளக்குக்கு ஒரு சாண் நீளப் பெட்ரோல் ஹோஸ் போதும். அதன் ஒரு முனையை பிளக்கின் பீங்கான் பகுதியில் செருகிக்கொண்டு, மறுமுனையை விரலால் உருட்டி பிளக்கை ஏற்றுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கிச் சுற்றுமே தவிர பிளக் ஏறாது. எஞ்சினின் அலுமினியத் தலையில் மரை போய்விட்டால் ஆகும் செலவை நினைத்தால், இந்த ஹோஸ் துண்டைப் போல லாபமான கருவி வேறில்லை.

மின்சார வேலைக்கு டெஸ்ட் லாம்பைக் கட்டாயம் நீங்களே செய்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆக்கர் கடை என்று சொல்லும் பழைய இரும்புக் கடையில், உடைந்த விளக்கிலிருந்து ஹோல்டர்கள் கிடைக்கும். 12 வோல்ட் 5 வாட் பல்பு ஒன்றும் 21 வாட் பல்பு ஒன்றும் தனித்தனி ஹோல்டரில் போட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு வயர் எடுத்து, ஒன்றில் முதலைக் கிளிப்பும் மற்றொன்றில் கூராக்கிய சைக்கிள் ஸ்போக் கம்பியும் வையுங்கள். ஸ்போக்கின் முனையை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தை டேப் சுற்றி மூடிவிடுங்கள். சின்ன விளக்கு கரண்ட் வருகிறதா என்று பார்க்க. பெரிய விளக்கு, வருகிற கரண்டில் வலு இருக்கிறதா என்று பார்க்க. நம் கடற்காற்றில் பத்தில் எட்டுக் கோளாறு, வயரில் அல்ல, பாடியோடு சேரும் எர்த் முனையில் இருக்கும். கிளிப்பை பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, ஸ்போக்கால் ஒவ்வொரு எர்த் போல்ட்டையும் தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் மைனஸைத் தொடும்போது எரிந்த அதே பிரகாசத்தில் எரிந்தால் அந்த எர்த் நல்லது, மங்கினால் அங்கே துரு இருக்கிறது. மல்டிமீட்டர் அந்த இடத்தில் 12 வோல்ட் என்று காட்டி உங்களை ஏமாற்றும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகமிகக் குறைவு. 21 வாட் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுப்பதால் அதை ஏமாற்ற முடியாது.

அதே பெரிய விளக்கு இன்னொரு வேலையும் செய்யும். போட்டவுடனே ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது என்றால், ஃபியூஸ் இருக்கும் இடத்தில் அந்த விளக்கின் இரு வயர்களையும் கொடுத்துவிடுங்கள். ஷார்ட் இருக்கும் வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், அதிலுள்ள வயர்களை ஒவ்வொன்றாக அசைத்தும் இணைப்புகளைப் பிரித்தும் வரும்போது எந்த இடத்தில் அணைகிறதோ அங்கேதான் கோளாறு. ஒரு ஃபியூஸ்கூட வீணாகாது. ஆனால் எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் போகும் சென்சார் வயர்களில் இந்த விளக்கைத் தொடவே வேண்டாம், அது இழுக்கும் கரண்டை அந்தச் சுற்று தாங்காது, அங்கே மீட்டர்தான். உங்கள் வண்டியில் ஏர்பேக் இல்லை. அக்கம்பக்கத்தார் தங்கள் புதிய வண்டியைக் கொண்டுவந்து காட்டினால், மஞ்சள் உறை போட்ட வயர்களை எதைக் கொண்டும் குத்திப் பார்க்கக் கூடாது.

சத்தம் கேட்கும் கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீளமான திருப்புளியின் முனையை ஆல்டர்னேட்டர் மேலும் வாட்டர் பம்ப் மேலும் மாற்றி மாற்றி வைத்து, பிடியைக் காதுக்குப் பக்கத்திலுள்ள எலும்பில் அழுத்தினால் எந்த பேரிங் அரைகிறது என்பது தெளிவாகக் கேட்கும். காற்று கசியும் சத்தத்துக்கு இரண்டு அடி ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையைத் தேடும் இடங்களில் நகர்த்துங்கள். இரண்டையும் செய்யும்போது வேட்டி, துண்டு, தளர்ந்த சட்டைக் கை எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

பேரிங், புஷ் ஆகியவற்றை இழுக்கவும் ஏற்றவும் செய்யும் புல்லரில் பலர் கைவைத்து ஏமாறுகிறார்கள், அதனால் இதைச் சற்று விளக்க வேண்டும். நீளமான போல்ட், நட்டு, கனத்த வாசர்கள், புஷ் உள்ளே போகும் அளவுள்ள குழாய்த் துண்டு, இவை இருந்தால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கையின் (லோயர் ஆர்ம்) புஷ்ஷைச் சுத்தியல் இல்லாமல் இழுத்துவிடலாம். குழப்பம் போல்ட்டில்தான். ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் மரைக்கம்பி பெரும்பாலும் 4.8 தரமே. இந்த எண்ணில் புள்ளிக்கு முன்னுள்ளதை 100-ஆல் பெருக்கினால், சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டனில் அறும் என்பது கிடைக்கும். புள்ளிக்குப் பின்னுள்ளது, அதில் பத்தில் எத்தனை பங்கில் இழுபட்டு நீளத் தொடங்கும் என்பது. 4.8 என்றால் 400-இல் அறும், 320-இல் நீளும். 8.8 என்றால் 800-இல் அறும், 640-இல் நீளும். அதாவது சரியாக இரட்டிப்பு வலு. நீண்ட மரையில் நட்டு பாதி வழியில் சிக்கிக்கொண்டால் அந்த இடத்தில் கம்பி நீண்டுவிட்டது என்று பொருள். இன்னும் திருகினால் அறுந்து தெறிக்கும். ஆகவே தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்த போல்ட்டையே வாங்குங்கள், மரையில் கிரீஸ் தடவுங்கள், கண்ணாடி அணிந்துகொண்டு கம்பியின் நேர்க்கோட்டிலிருந்து விலகி நின்று திருகுங்கள்.

புதிய பேரிங்கை உள்ளே ஏற்றுவதற்குப் பழைய பேரிங்கின் வெளி வளையமே மிகச் சரியான அளவுள்ள கருவி. அதன் வெளிப்பக்கத்தை கிரைண்டரில் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் குறைத்துக்கொண்டால் துளைக்குள் சிக்காமல் திரும்ப வரும். அதை புல்லரில் வைத்து அழுத்தத்தான் வேண்டும். சுத்தியலால் அதன்மேல் நேராக அடிக்கக் கூடாது, கடினமான எஃகு சில்லாகத் தெறித்துக் கண்ணில் ஏறிவிடும்.

பிரேக் டிரம் வர மறுத்தால் முதலில் டிரம்மின் முகப்பைத் துடைத்துப் பாருங்கள். பல வண்டிகளில் 8 மில்லிமீட்டர் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கும், இரண்டு போல்ட்டுகளை மாறி மாறிக் கால் சுற்றாக ஏற்றினால் டிரம் தானே வெளியே தள்ளப்படும். அது இல்லாத வண்டிக்கு இழுப்புச் சுத்தியல் செய்துகொள்ளலாம்: சக்கர ஸ்டட்டுகளில் பொருந்தும்படி துளையிட்ட கனத்த தகடு, அதன் நடுவில் ஒரு முழ நீளக் கம்பி, கம்பியில் ஓடும்படி பழைய உடற்பயிற்சி எடைத்தட்டு, கடைசியில் இரட்டை நட்டு. வெல்டிங் மட்டும் பட்டறையில் செய்து வாங்குங்கள்.

நெம்புகோலையும் உளியையும் கொல்லரிடம் கொடுத்துச் செய்வதே சிறந்தது. லாரியின் வில் பட்டையை அடித்து வெட்டுக்கத்தி செய்பவர்களுக்கு அந்த எஃகை எப்போது தண்ணீரில் முக்க வேண்டும் என்பது கண் பார்த்த நிறத்திலேயே தெரியும். ஆனால் எட்டாத இடத்துக்காக நல்ல ஸ்பேனரை அதே உலையில் காய்ச்சி வளைத்துவிடாதீர்கள். அதன் பதம் போய்விடும், முதல் இறுக்கத்திலேயே வாய் விரியும். விலை குறைந்த ஸ்பேனர் ஒன்றை வாங்கி, சூடேறாமல் தண்ணீரில் நனைத்து நனைத்து கிரைண்டரில் மெல்லிதாக்கிக்கொள்ளுங்கள்.

பிரேக்கில் காற்றெடுக்க, அதாவது ஆயில் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற, மீன்தொட்டிக்கு வாங்கும் தெளிந்த குழாயும், மூடியில் துளையிட்ட குப்பியும் போதும். குப்பியின் அடியில் குழாய் முனை மூழ்கும் அளவுக்குப் புதிய பிரேக் ஆயில் இருந்தால் காற்று திரும்ப உள்ளே ஏறாது. அந்தக் குப்பியில் வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றுவதும், ஆண்டுக்கணக்கில் திறந்து வைத்த டப்பாவைப் பயன்படுத்துவதும் நம் ஊரின் ஈரக்காற்றில் ஆபத்தானவை. டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல்தான் கொதிக்க வேண்டும். ஈரம் குடித்த நிலைக்கான அளவு 140 டிகிரிதான். பேச்சிப்பாறை மலைப்பக்கத்திலிருந்து இறங்கும்போது ஆயில் சூட்டில் கொதித்து ஆவியாகி பெடல் பஞ்சாக இறங்குவது இப்படித்தான்.

ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனையை மாற்றினால் சக்கரம் நேராக நிற்கிறதா என்பதை அன்றைக்கே ஓரளவு பார்த்துக்கொள்ள, வலைக்கடையில் கிடைக்கும் தங்கூசி நரம்பு உதவும். ஸ்டியரிங்கை நேராக வைத்து, சக்கர மையத்தின் உயரத்தில் வண்டியின் இரு பக்கமும் ஒவ்வொரு நரம்பை முக்காலிகளுக்கு இடையே இழுத்துக் கட்டுங்கள். முன் ஹப்பிலிருந்து, அதாவது முன் சக்கரத்தின் மையத்திலிருந்து, நரம்புக்கு இடமும் வலமும் ஒரே தூரம், பின் ஹப்பிலிருந்தும் இடமும் வலமும் ஒரே தூரம் இருக்க வேண்டும். முன் தூரமும் பின் தூரமும் தங்களுக்குள் ஒன்றாக இருக்காது, ஏனென்றால் முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இடையகலம் வேறு. ஆகவே இரு நரம்புகளுக்கும் இடையிலுள்ள தூரம் முன்னும் பின்னும் ஒன்றாக இருப்பதையும் அளந்து சரிசெய்துகொள்ளுங்கள். பிறகு ரிம்மின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் நரம்புக்கு அளந்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். இது கம்ப்யூட்டர் அலைன்மென்ட்டுக்கு மாற்று ஆகாது, ஆனால் அங்கே போய்ச் சேரும் வரை டயரைத் தேயாமல் காப்பாற்றும்.

வாங்கியே தீர வேண்டியவற்றில் ஸ்டாண்டைச் சொல்லிவிட்டேன். ரிங் ஸ்பேனர் செட், கண் கண்ணாடி, சாதாரண மல்டிமீட்டர், சிறு இடைவெளிகளை அளக்கும் ஃபீலர் கேஜ் ஆகியவை மீதி. ரம்பத் தகடு 0.63 மில்லிமீட்டர், சவர பிளேடு 0.1 மில்லிமீட்டர் என்று அடுக்கி இடைவெளி பார்த்தவர்கள் நாங்கள். இன்று ஃபீலர் கேஜ் விற்கும் விலைக்கு அந்தச் சிரமம் தேவையில்லை. முன் சஸ்பென்ஷன் சுருள்வில்லைக் கயிறோ கம்பியோ கட்டி அமுக்கும் வேலையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். அமுங்கிய நிலையில் அதற்குள் நூற்றுக்கணக்கான கிலோ விசை அடைபட்டிருக்கிறது, முடிச்சு நழுவினால் அது பறந்து வந்து முகத்தைத்தான் தாக்கும். வில்லும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டை முழுதாகக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள், அவர்கள் வில்லை மட்டும் மாற்றித் தருவார்கள்.

எண்ணெய் மாற்றும்போது பழைய ஐந்து லிட்டர் டப்பாவைப் படுக்கவைத்து மேல் பக்கத்தை வெட்டிவிட்டால் தொட்டி தயார். உங்கள் எஞ்சினிலிருந்து வரும் ஏறத்தாழ மூன்று லிட்டர் அதில் அடங்கும். ஃபில்டர் வர மறுத்தால் சைக்கிள் டியூபைச் சுற்றி, அதில் ஒரு கம்பைச் செருகி முறுக்குங்கள். வடித்த எண்ணெயைத் தென்னை மூட்டிலும் பாசனச் சானல் கரையிலும் ஊற்றுபவர்களைப் பார்க்கிறேன். அந்தச் சானல் தண்ணீர் போய்ச் சேரும் குளத்தில்தான் நம் பிள்ளைகள் குளிக்கிறார்கள். மூடியுள்ள இன்னொரு டப்பாவில் ஊற்றி, பழைய எண்ணெய் சேர்த்து வைக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். அவர்களிடம் அதற்கென்றே ஒரு பீப்பாய் இருக்கும்.